குலசை தசராவுக்கு எங்கே தங்குவது?

குலசை என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் குலசேகரப்பட்டினத்தில் லாட்ஜ் தேடினால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் அகப்படாது. திருச்செந்தூருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்னக் கடலோர ஊர் அது. 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு செய்தியில் அடிக்கடி பெயர் அடிபடுகிறது. மற்றபடி பனையும் மணலும் உப்புக்காற்றும்தான். அந்த ஊருக்கு நவராத்திரி நாட்களில் லட்சக்கணக்கில் ஜனம் வந்து போகிறது, முத்தாரம்மன் கோயில் தசராவுக்காக. மைசூருக்கு அடுத்தது குலசைதான் என்று இந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். மைசூரில் ராஜா ஊர்வலத்தைத் தள்ளி நின்று பார்க்கலாம். இங்கே நேர்ச்சைக்காக ராஜா வேஷம் போட்டவர் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார்.

என் மாமியார் நேர்ந்துகொண்டதில் ஆரம்பித்தது எங்கள் குலசைப் பயணம். நேர்ச்சை முடிந்தும் விடவில்லை, மதுரையிலிருந்து போய்க்கொண்டேதான் இருக்கிறோம். திருச்செந்தூர் லாட்ஜ், உள்ளூர் வீடு, கல்யாண மண்டபம், தூத்துக்குடி ஓட்டல் என்று எல்லா வகையிலும் தங்கிப் பார்த்தாயிற்று. இப்போது தெரிந்தவர்கள் யார் கிளம்பினாலும் ‘ரூம் எங்கே போடலாம்?’ என்று எனக்குத்தான் போன் வருகிறது.

பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை உங்களுக்கு ரூம் வேண்டும்?

காரணம் இருக்கிறது. கொடியேற்றத்தில் தொடங்கும் திருவிழாவின் உச்சம் பத்தாம் நாள், விஜயதசமி அன்று நள்ளிரவு. இரவு 12 மணி வாக்கில் அம்மன் கடற்கரைக்கு எழுந்தருளி, சிதம்பரேஸ்வரர் கோயில் முன்னால் மகிஷாசுரனை வதம் செய்கிறாள். சூரன் யானை முகத்தோடு வருவான், சிங்க முகத்தோடு வருவான், எருமையாக வருவான், கடைசியில் சேவலாகவும் வந்து பார்ப்பான். அது முடிந்து மணலை விட்டு வெளியே வர ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடும். அதன் பிறகும் வேஷக்காரர்கள் கோயிலுக்குக் காணிக்கை செலுத்தப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். ஆக, நீங்கள் காசு கொடுத்துப் போட்ட ரூமில் அந்த ராத்திரி படுக்கப்போவதே இல்லை. ரூம் தேவைப்படுவது அன்று மதியம் கொஞ்சம் காலை நீட்டவும், மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு அடித்துப்போட்டமாதிரி தூங்கவும்தான். பெரும்பாலானவர்கள் இதற்கு நேர் எதிராக புக் செய்கிறார்கள். விஜயதசமி காலை 10 மணிக்கு உள்ளே நுழைந்து, மறுநாள் 10 மணிக்குக் காலி செய்ய வேண்டியதாகிறது. திரும்பி வந்து சேரவே ஐந்து, ஆறு மணி ஆகும். கண் அசரும் நேரத்தில் ரூம்பாய் கதவைத் தட்டுவான்.

திருச்செந்தூர் லாட்ஜ்களில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. சிலர் நீங்கள் சாவி வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் கொடுப்பார்கள். சிலர் நீங்கள் எப்போது வந்தாலும் மறுநாள் ஒரு குறிப்பிட்ட மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். போனிலேயே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கணக்கு என்றால் விஜயதசமி அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சாவி வாங்குங்கள். மறுநாள் இரண்டு மணி வரை யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் சீக்கிரமே ஊருக்குள் வந்துவிட்டால் முருகனைத் தரிசித்துவிட்டு, நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு, நேரத்தைப் போக்கலாம். திருச்செந்தூரில் அதற்கா பஞ்சம்?

ஆனால் திருவிழா நேரத்தில் போன் செய்தால் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணாச்சி, தசராவுக்கு ஒரு டபுள் ரூம் வேணும்.”

“எந்த நாளைக்கும்மா? சம்ஹாரத்துக்கா, முன்னாடியா?”

“சம்ஹாரத்துக்குத்தான்.”

“அன்னைக்கு மட்டும்னா கிடையாதும்மா. ரெண்டு நாளா எடுக்கதுன்னா சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”

இரண்டு நாளாக எடுப்பதில் நஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம். வாடகை எப்படியும் சாதாரண நாளைவிட இரண்டு, மூன்று மடங்கு ஏறியிருக்கும். விஜயதசமியை ஒட்டி ஆயுத பூஜை விடுமுறை வருகிறது, பள்ளிக்கூடங்களுக்குக் காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் அப்போதுதான். 2024இல் சம்ஹாரம் அக்டோபர் 12, சனிக்கிழமை. 2025இல் அக்டோபர் 2, காந்தி ஜயந்தியோடு சேர்ந்து வந்தது. குலசைக்கே போகாமல், முருகனை மட்டும் பார்க்க வரும் குடும்பங்களும் அதே ரூம்களுக்குத்தான் போட்டி போடுகின்றன. தசராக் கூட்டத்தை மட்டும் நினைத்துக்கொண்டு ‘ஒரு வாரத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. பஞ்சாங்கத்தில் தேதி தெரிந்த உடனே பேசிவிட வேண்டும்.

ஆப் வழியாகப் பதிவு செய்தாலும் ஒரு முறை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசி, உங்கள் பெயரை அவர்கள் நோட்டில் எழுதவையுங்கள். ஒரு வருஷம் பணம் கட்டி, போனில் ரசீதும் வந்து, வாசலில் பெட்டியோடு போய் நின்றால், ‘ஆன்லைன்ல வந்தது எங்களுக்குக் காட்டலியே’ என்றார் கவுண்டரில் இருந்தவர். உள்ளே அவருக்குப் பின்னால் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. எந்த லாட்ஜ் என்று சொல்லி இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை. பணம் பத்து நாளில் திரும்பி வந்தது, அந்த ராத்திரிக்கு அது உதவவில்லை. தங்கியது ஒரு கல்யாண மண்டபத்தில், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஜமக்காளம் விரித்துக் கொடுத்தார்கள். மண்டபத்தைக் குறை சொல்ல மாட்டேன். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதிலும் காலையில் கழிவறை வரிசையிலும்தான் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மண்டபத்தை நம்ப வேண்டாம்.

திருச்செந்தூரில் தங்குவதில் உள்ள உண்மையான சிக்கல் தூரம்தான். வரைபடத்தில் பார்த்தால் ஆலந்தலை, கல்லாமொழி, அப்புறம் குலசை. அரை மணி நேரம்கூட ஆகாது. சம்ஹார நாளில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. சொந்த வண்டிகளை ஊருக்கு வெளியே வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து மணலிலும் தாரிலும் நடைதான். திரும்பும்போது இன்னும் மோசம். கடற்கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே சாலைக்கு வருகிறார்கள். வண்டி நிறுத்திய இடத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. போனில் அழைத்துக்கொள்ளலாம் என்றால் சிக்னல் திணறும். பிரிந்து போனால் எங்கே சேர்வது என்று பகலிலேயே ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் இப்போதெல்லாம் காரைத் திருச்செந்தூர் லாட்ஜிலேயே போட்டுவிட்டு அரசு விடும் சிறப்புப் பஸ்ஸில்தான் போகிறேன். போகும்போதே திருவிழா ஆரம்பித்துவிடும். ஒரு தடவை திரும்பி வரும் பஸ்ஸில் குரங்கு வேஷம் போட்ட பையன் ஒருவன், பத்து வயது இருக்கும், பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, வாலைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான். அவன் அப்பா போலீஸ் வேஷம். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது, ‘ஏட்டய்யாவுக்கு டிக்கெட்டா?’ என்று யாரோ குரல் கொடுக்க, அந்த நேரத்திலும் பஸ் முழுக்கச் சிரிப்பு.

சரி, உள்ளூரிலேயே தங்க முடியாதா? முடியும், ஆனால் அறிமுகம் வேண்டும். குலசைக்காரர்கள் வீடுகளில் அந்த நாட்களில் சொந்தபந்தம் நிரம்பி வழியும். சென்னை, மும்பையில் கடை வைத்திருப்பவர்கள்கூட அப்போது ஊருக்கு வந்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் முன்னறையையோ மாடியையோ தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வீடு, மாமியாரோடு பூ வாங்கும்போது பேச்சுக் கொடுத்த ஓர் அம்மா மூலமாகக் கிடைத்தது. ஊரில் தங்கிய அந்த வருஷம் பார்த்ததை லாட்ஜில் இருந்து பார்க்கவே முடியாது.

மதியம் மூன்று மணி இருக்கும். அந்த வீட்டு முற்றத்தில் காளி வேஷக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமாம். கூட வந்த இரண்டு பேர் பின்னால் நின்று ஜடாமுடியையும் கிரீடத்தையும் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, கீழே வைக்காமல், விரித்திருந்த மஞ்சள் துணியில் வைத்தார்கள். நெற்றியில் கட்டு அழுந்திய இடம் வரிவரியாகச் சிவந்திருந்தது. சாயம் கலைந்துவிடும் என்று முகத்தை அவர் துடைக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தார். மறுபடி எழுந்து நிற்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் மாமியார் எழுந்து நின்றுகொண்டே இருந்தார். ‘ஆச்சி, நீங்க கட்டில்ல இரிங்க’ என்று வீட்டுக்கார அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

இதைச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. உள்ளூர் வீட்டில் தங்குவது என்றால் விரத வீட்டில் தங்குவது. மாலை போட்டு, கொடியேறியதும் காப்புக் கட்டி, வேஷம் கட்டி ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குகிறவர்கள் அந்த வீட்டில் இருக்கலாம். அங்கே அசைவம் கூடாது, குடி கூடாது, செருப்பு வாசலோடு நிற்க வேண்டும். தீட்டுப் பார்ப்பார்கள். மாதவிலக்கு வரும் தேதி என்றால் நான் லாட்ஜையே தேர்ந்தெடுப்பேன். இதில் எனக்கு வேறு கருத்து இருந்தாலும், இன்னொருவர் விரதம் இருக்கும் வீட்டில் போய் விவாதம் நடத்துவது சரியில்லை.

வீடு பேசும்போது வாடகையைவிட முக்கியமாகச் சில கேள்விகள். கழிவறை எத்தனை பேருக்குப் பொது? ‘நம்ம ஆளுக மட்டும்தான்’ என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நம்ம ஆளுக முப்பது பேர் இருப்பார்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? கடலோர ஊர், எங்களுக்குக் கிடைத்த வீட்டில் குளிக்கும் தண்ணீர் உப்புக் கரித்தது, சோப்பு நுரைக்கவே இல்லை. குடிக்கக் கேன் தண்ணீர் வெளியே இருந்து கொண்டுபோனோம். அறைக்குத் தனிப் பூட்டு உண்டா? வீடு கோயில் தெருவிலா, கொஞ்சம் உள்ளடங்கியா? கோயில் தெரு என்றால் ஒலிபெருக்கியும் மேளமும் விடிய விடியக் கேட்கும். எனக்குப் பிடிக்கும், என் வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்துவிடும். இன்னொன்று, கூட்டம் நெருக்கியடிக்கும் நேரத்தில் அந்தத் தெருவை விட்டு வெளியேறப் பின்பக்கம் வழி இருக்கிறதா என்று பகலில் ஒரு தடவை நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் இது கட்டாயம்.

தசரா செட்டோடு, அதாவது ஒன்றாக வேஷம் கட்டி வரும் குழுவோடு, சேர்ந்து போகிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்கள் தங்கள் ஊரிலேயே பிறை என்கிற குடில் போட்டு, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, கடைசி நாளில் லாரியிலோ வேனிலோ ஒன்றாகக் கிளம்பி வருகிறார்கள். குலசையில் அவர்களுக்கு வண்டிதான் வீடு. உறவில் யாராவது செட்டில் இருந்தால் அவர்களோடு போய்விடுவது எல்லாவற்றையும்விட நல்ல ஏற்பாடு. சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை, வழியெங்கும் அன்னதானம்.

திருச்செந்தூரில் கிடைக்காதவர்கள் அடுத்து நினைப்பது உடன்குடியை. கருப்பட்டிக்குப் பேர்போன ஊர், குலசைக்கு மேற்கே மிகப் பக்கம். தங்கும் இடங்கள் குறைவு, ஆனால் கடலோரச் சாலை நெரிசலைத் தொடாமல் சாத்தான்குளம் வழியாக வெளியேறிவிடலாம். இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. கிலோமீட்டர் பார்த்து ரூம் போடாதீர்கள், ஊர் திரும்பும் திசையைப் பார்த்துப் போடுங்கள். நாகர்கோவில், கன்னியாகுமரி போகிறவர்கள் மணப்பாடு, உவரி, திசையன்விளைப் பக்கம் இடம் பார்த்தால், சம்ஹாரம் முடிந்ததும் தெற்கே இறங்கிவிடலாம். திருச்செந்தூரில் ரூம் போட்டுவிட்டு மறுபடி குலசையைக் கடந்து தெற்கே போவது வீண் அலைச்சல். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு உடன்குடி, சாத்தான்குளம். மதுரை, சென்னை என்றால் திருச்செந்தூர் அல்லது தூத்துக்குடி.

தூத்துக்குடியை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன், முக்கியமாக வயதானவர்களோடு போகிறவர்களுக்கு. திருச்செந்தூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். ஓட்டல்கள் அதிகம், தசராவால் வாடகை அவ்வளவாக ஏறுவதில்லை, நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, விமானத்தில் வருகிறவர்களுக்கு வாகைக்குளம் விமான நிலையம் பக்கம். மாலையில் கிளம்பிப் போய், விடியற்காலையில் திரும்பிவிடலாம். டிரைவருக்குப் பகலில் தூங்க இடம் கொடுங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள். பாதிப் பேர் தாங்கள் தூங்க ஏசி ரூம் போட்டுவிட்டு டிரைவரைக் காரிலேயே படுக்கச் சொல்கிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு அவர்தான் ஸ்டியரிங் பிடிக்கப்போகிறார்.

திருநெல்வேலி இன்னும் தூரம், திருச்செந்தூருக்கே 60 கிலோமீட்டர். ஆனால் ஒரு லாபம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலும் தசரா உண்டு. ஊரின் அம்மன் கோயில்களிலிருந்து பன்னிரண்டு சப்பரங்கள் வந்து வரிசையாக நிற்பதும், எருமைக்கிடா மைதானத்தில் சம்ஹாரம் நடப்பதும் அந்த நாட்களை ஒட்டித்தான். இரண்டையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாளையங்கோட்டையில் தங்கி, குலசைக்கு ஓர் இரவு மட்டும் போய் வரலாம்.

கூட்டமே வேண்டாம், வேஷங்களை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வேறு யோசனை சொல்வேன். பத்தாம் நாளை விட்டுவிட்டு ஐந்தாம், ஆறாம் நாள் வாக்கில் திருச்செந்தூருக்கோ உடன்குடிக்கோ வாருங்கள். ரூம் சாதாரண வாடகைக்குக் கிடைக்கும். காலையில் கடைவீதியில் ஓர் இட்லிக் கடையில் உட்கார்ந்தால் போதும். குறவன் குறத்தி, கரடி, எமன், சுடலைமாடன் என்று ஒவ்வொருவராகக் காணிக்கைக்கு வருவார்கள். செட் வந்தால் மேளமும் ஆட்டமும் சேர்ந்து வரும். கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் சந்தோஷமாக நிற்பார்கள், உண்டியலில் பத்து ரூபாய் போடுங்கள். காளியைப் படம் எடுக்க நினைத்தால் மட்டும் முதலில் கும்பிட்டுவிட்டுக் கேளுங்கள். ராத்திரி அம்மன் வீதியுலாவுக்குக் குலசைக்கு ஒரு நடை போய்விட்டுத் திரும்பிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்த என் தோழிக்கு இப்படித்தான் ஏற்பாடு செய்தேன். கடற்கரைக் கூட்டத்தில் சூரனின் தலையை மட்டும் தூரத்தில் பார்த்தவர்களைவிட அவள் அதிகம் பார்த்தாள்.

ரூமில் கொண்டுபோய் வைக்க வேண்டியவற்றைப் பற்றிச் சில வார்த்தை. மெல்லிய போர்வை ஒன்று, கடற்கரையில் உட்காரவும் ஆகும். அந்த மாதங்களில் பகலில் புழுக்கம் கொல்லும், திடீரென மழையும் கொட்டும். ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் இரண்டுக்கும் சமாளிக்கலாம். பழைய செருப்பு, தொலைந்தால் வருத்தப்படாத மாதிரி. நகை வேண்டாம். சில்லறை நிறைய வேண்டும், சிக்னல் போனால் ஜிபேயும் போய்விடும்.

ரயிலில் திரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சென்னைக்குப் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ் திருச்செந்தூரிலிருந்து ராத்திரியில்தான் கிளம்பும். சம்ஹாரம் முடிந்த மறுநாள் மதியம் ரூமைக் காலி செய்தால், ரயில் வரைக்கும் பெட்டியையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு எங்கே இருப்பது? அதனால் நாங்கள் சென்னைக்குப் போக வேண்டிய வருஷங்களில் அரை நாள் வாடகை கூடுதலாகக் கொடுத்து மாலை ஏழு மணி வரை சாவியை வைத்துக்கொள்கிறோம். சில லாட்ஜ்களில் அரை நாள் வாடகைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், குளிக்க மட்டும் அறை தருவார்கள், பெட்டியை ஆபீசில் வைக்க விடுவார்கள். அதுவே போதும். அன்று மாலை காப்புக் களைகிறவர்கள் குலசையில் திரண்டிருப்பார்கள், திருச்செந்தூர் ஓட்டல்களில் அன்றைக்குத்தான் உட்காரச் சட்டென இடம் கிடைக்கும்.